போனதும் போய்விட்டதும்

பிள்ளைப் பருவத்தில் கற்கும் மொழிக்கு இலக்கணம் உண்டு என்பதே நமக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரியவருகிறது. நாற்பதைக் கடந்தபின் கற்கும் மொழியிலோ இலக்கணமே வாசற்படி. கார்ல் கிரௌல் 1856இல் வெளியிட்ட திருக்குறளின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை அவருடைய சொற்களிலேயே படித்துப் பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு நெடுநாளாக இருந்தது. அதன் பொருட்டே சென்னையில் சனி, ஞாயிறுகளில் நடந்த ஜெர்மன் வகுப்பில் சேர்ந்தேன். உடன் படித்தவர்கள் பெரும்பாலும் மேற்படிப்புக்காகவோ செவிலியர் பணிக்காகவோ ஜெர்மனிக்குச் செல்லவிருந்த இளைஞர்கள். அவர்களுக்கு அவசரம் இருந்தது, எனக்கு இல்லை. ஆகவே பிறர் மனப்பாடம் செய்து கடந்துபோன இடங்களில் நின்று வேடிக்கை பார்க்க எனக்கு அவகாசம் கிடைத்தது. அப்படி நான் அதிக நேரம் நின்ற இடம் இறந்தகாலம்.

தமிழில் இறந்தகாலத்தை நாம் எளிதாகச் சொல்லிக் கடந்துவிடுகிறோம். த், ட், ற், இன் என்னும் இடைநிலைகள். இவை தவிர, புகு, விடு, பெறு போன்ற பகுதிகள் ஒற்று இரட்டித்துப் புக்கான், விட்டான், பெற்றான் எனக் காலம் காட்டும். நன்னூல் வகுப்பில் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும் பாடம். ஜெர்மன் மொழியிலும் வினைகள் இரு கூட்டமாக நிற்கின்றன. 'மாகென்' என்றால் செய்தல், இறந்தகாலத்தில் 'மாக்டெ'. பகுதி மாறுவதில்லை, நடுவே ஒரு 'ட்' மட்டும் வந்து சேர்கிறது. 'ஸிங்கென்' என்றால் பாடுதல்; இறந்தகாலத்தில் 'ஸாங்'; எச்ச வடிவத்தில் 'கெஸுங்கென்'. இங்கே ஒட்டு எதுவும் காலம் காட்டுவதில்லை. வேரின் உயிரெழுத்தே இகரம், அகரம், உகரம் என நிறம் மாறிக் காலம் காட்டுகிறது. முதல் வகையை மெலிந்த வினை என்றும் இரண்டாம் வகையை வலிய வினை என்றும் பெயரிட்டவர் யாக்கோபு கிரிம். தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து 1812இல் நாட்டுப்புறக் கதைகளைத் தொகுத்து வெளியிட்ட அதே கிரிம்தான். 1819 முதல் வெளிவந்த அவருடைய ஜெர்மன் இலக்கணம் மொழியியல் வரலாற்றில் ஒரு மைல்கல்.

வலிய வினைகள் என்று பெயர் இருந்தாலும் தோற்றுக்கொண்டிருப்பவை அவைதாம். ரொட்டி சுடுதலைக் குறிக்கும் 'பாக்கென்' என்னும் வினைக்கு இறந்தகாலம் 'பூக்' என்று இருந்தது. இன்று பெரும்பாலோர் 'பாக்டெ' என்கிறார்கள். புதிதாக மொழிக்குள் வரும் வினைகள் எல்லாம் மெலிந்த வரிசையிலேயே சேர்கின்றன. நம்மிடமும் இது நிகழ்ந்திருக்கிறது. சங்கப் பாடல்களில் 'புக்கான்' என்று இருந்தவன் இன்று 'புகுந்தான்' ஆகிவிட்டான். 'நக்கான்' என்று சிரித்தவன் 'நகைத்தான்' ஆகிவிட்டான். பழைய வடிவத்தைப் பாடல் வரியில் பார்க்கும்போது மாணவர்கள் புன்னகைக்கிறார்கள். ஜெர்மன் இளைஞர்களும் 'பூக்' என்று கேட்டால் அப்படித்தான் புன்னகைப்பார்கள் போலும்.

தமிழ் வினைகளுக்கு ஜெர்மானியர் செய்த பணியையும் இங்கே சொல்லவேண்டும். 1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்க் லத்தீன் மொழியில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சாயிற்று. கிரௌல் 1849 முதல் 1853 வரை கீழை நாடுகளில் பயணம் செய்து தமிழகத்திலும் தங்கியவர். தமிழ் வினைகளை அவை காலம் காட்டும் முறையை வைத்து வகுப்புகளாகப் பிரித்தார். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் ஒவ்வொரு வினைக்குப் பக்கத்திலும் ஓர் எண் இருப்பதை வாசகர்கள் பார்த்திருக்கலாம். அது கிரௌலின் பகுப்பைத் தழுவியது. செய்தல் ஒன்றாம் வகுப்பு, வாழ்தல் நான்காம் வகுப்பு, படித்தல் பதினொன்று. பன்னிரண்டாம் வகுப்பைப் புரட்டிப் பார்த்தால் பிறத்தல், நடத்தல், கடத்தல், மறத்தல், இறத்தல் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. பிறந்தான், நடந்தான், கடந்தான், மறந்தான், இறந்தான். ஓர் ஆயுளை ஒரே விகுதி வாய்பாட்டில் சொல்லிவிடலாம். அந்த அகராதியை இருபது ஆண்டுகளாகப் பயன்படுத்தி வந்திருந்தும், ஜெர்மன் படித்த பிறகே அந்த எண்ணை நின்று பார்த்தேன்.

*

ஜெர்மன் மொழியின் இறந்தகாலத்தில் கற்பவரைத் திகைக்க வைப்பது வடிவம் அன்று. ஒரே நிகழ்ச்சியைச் சொல்ல இரண்டு இறந்தகாலங்கள் இருப்பதுதான். ஒன்று 'பிரேட்டெரிட்டும்', ஒற்றைச் சொல்லில் முடிவது. மற்றது 'பெர்ஃபெக்ட்', துணைவினை ஒன்று முன்னே நிற்க, எச்ச வடிவம் வாக்கியத்தின் கடைசியில் போய் அமரும். இடையில் எத்தனை சொற்கள் வந்தாலும் வினை முடிவை அறியக் காத்திருக்க வேண்டும். மார்க் ட்வெய்ன் 1880இல் ஜெர்மன் மொழியைக் கேலி செய்து எழுதிய கட்டுரையில் இந்தக் காத்திருப்பைத்தான் பெரிதாகப் புலம்பினார். தமிழருக்கு அதில் புலம்ப ஒன்றுமில்லை. பயனிலை கடைசியில் வருவது நம் வீட்டு வழக்கம்.

இந்த இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஆங்கிலத்தில் நேற்று என்றால் ஒன்று, இப்போதுதான் என்றால் மற்றொன்று என்று ஒரு கணக்கு இருக்கிறது. ஜெர்மன் மொழியில் அந்தக் கணக்கு செல்லாது. நேற்று நடந்ததையும் நூறாண்டுக்கு முன் நடந்ததையும் இரண்டு காலத்திலும் சொல்லலாம். பேசும்போது பெரும்பாலும் பெர்ஃபெக்ட். எழுதும்போது, அதிலும் கதை எழுதும்போது, பிரேட்டெரிட்டும். செய்தியறிக்கை பல சமயம் பெர்ஃபெக்டில் தொடங்கி, விவரத்துக்குள் நுழைந்ததும் பிரேட்டெரிட்டுமுக்கு மாறிக்கொள்ளும். 'ஒரு காலத்தில் ஒரு ராஜா இருந்தான்' என்று நாம் தொடங்குவதை அவர்கள் 'எஸ் வார் அய்ன்மால்' என்று தொடங்குகிறார்கள். அந்த 'வார்' பிரேட்டெரிட்டும். அங்கே பெர்ஃபெக்டைப் போட்டால் ராஜா பக்கத்துத் தெருவில் குடியிருந்தவர்போல் ஆகிவிடுவார்.

தெற்கே போகப்போக இந்தக் கணக்கும் மாறுகிறது. பவேரியா, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய பகுதிகளின் பேச்சு வழக்கில் பிரேட்டெரிட்டும் பெரும்பாலும் வழக்கொழிந்துவிட்டது. சுவிஸ் பேச்சு மொழியில் அது அறவே இல்லை. சொல்லிறுதி எகரம் தேய்ந்ததால், 'சொல்கிறான்' என்பதற்கும் 'சொன்னான்' என்பதற்கும் ஒலி வேறுபாடு இல்லாமல் போனதே காரணம் என்பது அறிஞர் கூறும் விளக்கங்களுள் ஒன்று. காலம் காட்டும் ஓர் உயிரெழுத்து தேய்ந்ததும், ஒரு காலமே அந்த ஊர்களை விட்டு வெளியேறிவிட்டது. ஆனால் முழுவதும் வெளியேறவில்லை. எல்லாவற்றையும் பெர்ஃபெக்டில் பேசும் ஆஸ்திரியர்கூட 'இருந்தேன்' என்று சொல்ல 'வார்' என்னும் பழைய வடிவத்தைப் பல இடங்களில் விடாமல் வைத்திருக்கிறார். அன்றாடம் கைபடும் பொருள் துருப்பிடிப்பதில்லை அல்லவா!

துணைவினையின் கதை இன்னும் சுவையானது. பெர்ஃபெக்டுக்கு இரண்டு துணைவினைகள் உண்டு. ஒன்று 'ஹாபென்', அதாவது உடைமையாகக் கொண்டிருத்தல். மற்றது 'ஸைன்', அதாவது இருத்தல். உண்டேன், எழுதினேன், வாங்கினேன் என்பவற்றுக்கெல்லாம் 'ஹாபென்'. எழுதி முடித்த கடிதம் ஒன்றைக் கையில் வைத்திருக்கிறேன் என்று தொடங்கி, நாளடைவில் கடிதம் எழுதினேன் என்ற பொருளுக்கு வந்து சேர்ந்த அமைப்பு அது. உடைமையைக் குறிக்கத் தனி வினை இல்லாத தமிழுக்கு இது அந்நியம். 'எனக்கு வீடு இருக்கிறது' என்று வீட்டை எழுவாயாக்கி நம்மை நான்காம் வேற்றுமையில் ஒதுக்கிவைக்கும் மொழி நம்முடையது. ஆனால் 'ஸைன்' நமக்கு உறவு. ஓரிடத்திலிருந்து ஓரிடம் பெயர்வதையும், ஒரு நிலையிலிருந்து மறு நிலைக்கு மாறுவதையும் சொல்லும் வினைகள் 'ஸைன்' கொள்ளும். 'எர் இஸ்ட் கெகொம்மென்' என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் ஏறத்தாழ 'வந்து இருக்கிறான்' என்றே வரும். நாம் அதைச் சேர்த்து 'வந்திருக்கிறான்' என்கிறோம். இரண்டு மொழிகளுக்கும் குருதி உறவு இல்லை. இருந்தும் இந்த இடத்தில் ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றன.

வடக்கே, நின்றேன் என்பதற்கு 'இஷ் ஹாபெ கெஷ்டாண்டென்' என்பர். தெற்கே அதையே 'ஸைன்' சேர்த்து 'இஷ் பின் கெஷ்டாண்டென்' என்பர். தெற்கத்தியருக்கு இதில் ஒரு வசதி உண்டு. குற்றத்தை ஒப்புக்கொள்ளுதல் என்ற வினைக்கும் எச்ச வடிவம் 'கெஷ்டாண்டென்' தான். அது எப்போதும் 'ஹாபென்' கொள்ளும். ஆகவே தெற்கே நின்றவன் வேறு, ஒப்புக்கொண்டவன் வேறு. வடக்கே இருவரையும் இடம் நோக்கித்தான் பிரித்தறிய வேண்டும். முனிச்சில் படித்தவரான எங்கள் ஆசிரியை இதைச் சொல்லிவிட்டு, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லும் வடக்கத்தியர் கவனமாக இருக்கவேண்டும் என்று சிரிப்பார்.

*

இரண்டு காலங்களை வைத்துக்கொண்டு இலக்கியம் என்ன செய்யும் என்பதற்கு கெதே 1774இல் வெளியிட்ட வெர்தர் நாவலின் முடிவைப் பலரும் எடுத்துக்காட்டியிருக்கிறார்கள். தற்கொலை செய்துகொண்ட நாயகனின் அடக்கம் சொல்லப்படுகிறது. குறுகிய வாக்கியங்கள், வினைகள் எல்லாம் பிரேட்டெரிட்டும். மதகுரு எவரும் உடன் செல்லவில்லை என்று சொல்லும் கடைசி வாக்கியம் மட்டும் பெர்ஃபெக்ட். கதை அதுவரை தொலைவில் நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு துணைவினையால் அது எழுந்து வந்து வாசகனின் முன் நிற்கிறது. இது கதை அன்று, புகார் என்பது போல. தமிழில் இதைப் பெயர்ப்பவர் என்ன செய்வார்? நம் எதிர்மறைக்கு இந்த வேறுபாடு இல்லை. சென்றான், சென்றிருக்கிறான், சென்றுவிட்டான் என்று உடன்பாட்டில் எத்தனையோ நிழல்கள் உண்டு. எதிர்மறைக்கு வந்தால் 'செல்லவில்லை' என்ற ஒரே சொல்லில் அவை பெரும்பாலும் அடங்கிப்போகின்றன. அந்த வாக்கியத்தைத் தமிழில் எத்தனை விதமாக எழுதிப் பார்த்தாலும் கெதே வைத்த அந்தப் படி இல்லை.

ஜெர்மன் அறிஞர்கள் இதைப் பற்றி நிறையவே விவாதித்திருக்கிறார்கள். கேட்டே ஹாம்புர்கர் 1957இல் வெளியிட்ட நூலில், புனைகதையின் இறந்தகாலம் இறந்தகாலமே அன்று என்று வாதிட்டார். கதையில் 'நாளை அவனுடைய ரயில் கிளம்பியது' என்பது போன்ற வாக்கியம் ஜெர்மன் மொழியில் இயல்பாக அமையும், பேச்சில் அமையாது. ஹரால்ட் வைன்ரிஷ் 1964இல் வெளியிட்ட 'டெம்புஸ்' என்னும் நூலில் இன்னொரு கோணத்தில் பார்த்தார். வினையின் காலம் கடிகாரத்தைக் காட்டுவதில்லை. பேசுபவரின் மனநிலையைக் காட்டுகிறது. ஒன்றைக் கதையாகச் சொல்கிறோமா, நம்மைப் பாதிக்கும் விவகாரமாகப் பேசுகிறோமா என்பதே கேள்வி என்றார். பிரேட்டெரிட்டும் கேட்பவரைச் சாய்ந்து உட்கார வைக்கும். பெர்ஃபெக்ட் நிமிர்ந்து உட்கார வைக்கும்.

தமிழ் படித்தவருக்கு இது முற்றிலும் புதிய செய்தி அன்று. வீட்டை விட்டுக் கிளம்பாதவன் 'இதோ வந்துவிட்டேன்' என்பதை நம் இலக்கணிகள் பிழை என்று தள்ளவில்லை. கால வழுவமைதி என்று பெயரிட்டு உள்ளே அழைத்துக்கொண்டார்கள். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னும் காரணங்களால் காலம் மயங்கலாம் என்கிறது நன்னூல். நான்கில் எதுவும் கடிகாரத்தைச் சேர்ந்தது அன்று. நான்கும் பேசுபவரைச் சேர்ந்தவை. வைன்ரிஷின் நூலைப் பற்றி முதன்முதலாக அறிந்தபோது, பவணந்தி முனிவர் அதைக் கேட்டிருந்தால் தலையசைத்திருப்பார் என்றே எனக்குத் தோன்றியது.

*

இரண்டாம் நிலை வகுப்பு நடந்துகொண்டிருந்த ஆண்டில், 2018 ஜூன் மாதம், என் தந்தையார் காலமானார். தபால் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்றுப் பாளையங்கோட்டையில் வசித்தவர். தம்பி தொலைபேசியில் அழைத்து, 'அண்ணே, அப்பா போயிட்டாங்க' என்றான். அதற்கு மேல் அவனால் பேச முடியவில்லை. அந்தச் சொல்லைப் பிறகு பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். 'அப்பா போனாங்க' என்று அவன் சொல்லியிருக்க முடியாது. 'போனாங்க' என்றால் கடைக்குப் போயிருக்கலாம், கோயிலுக்குப் போயிருக்கலாம். 'இறந்தார்' என்பதும் வீட்டில் ஒலிக்காத சொல். வரலாற்று நூலில் மன்னர்கள் இறந்தார்கள். நம் வீட்டில் எவரும் இறப்பதில்லை, இறந்துவிடுகிறார்கள், தவறிவிடுகிறார்கள், போய்விடுகிறார்கள். 'விடு' என்ற துணைவினை இல்லாமல் தமிழில் துக்கம் சொல்ல இயலாது. பேச்சில் அந்த 'விடு' தேய்ந்து தேய்ந்து ஓர் ஒற்றாக 'ட்' என்று எஞ்சி நிற்கிறது. தம்பியின் குரலில் நான் கேட்டது அந்த ஒற்றைத்தான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து வகுப்புக்குத் திரும்பினேன். அன்றைய பயிற்சி, குடும்பத்தைப் பற்றி நிகழ்காலத்தில் எழுதியிருந்த வாக்கியங்களை இறந்தகாலத்துக்கு மாற்றுவது. முன்பு எழுதிய குறிப்பேட்டில், என் தந்தை பாளையங்கோட்டையில் வசிக்கிறார் என்று இருந்தது. 'வோன்ட்' என்பதோடு ஓர் எகரத்தைச் சேர்த்து 'வோன்டெ' என்று எழுதினேன். மெலிந்த வினை, விதிவிலக்கு இல்லை, மிக எளிய மாற்றம். மற்றவர்களுக்கு அது இலக்கணப் பயிற்சி. குறிப்பேட்டைப் பார்த்துக்கொண்டே வந்த ஆசிரியை அந்த வரியில் நின்றார். பாடத்தின் பொருட்டு மாற்றப்பட்ட வரி அன்று அது என்பது அவருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எப்போது காலமானார் என்று தாழ்ந்த குரலில் ஜெர்மன் மொழியிலேயே கேட்டார். கேள்வி பெர்ஃபெக்டில் இருந்தது. நானும் பெர்ஃபெக்டிலேயே விடை சொன்னேன். 'எர் இஸ்ட் இம் யூனி கெஷ்டோர்பென்.'

இறத்தல் நிலை மாற்றத்தைச் சொல்லும் வினை. ஆகவே 'ஸைன்' கொள்ளும். விதி அவ்வளவுதான். ஆனால் அந்த வாக்கியத்தில் தந்தைக்கு அடுத்து வரும் சொல் 'இஸ்ட்', அதாவது இருக்கிறார். உயிரோடு இருக்கும் மனிதரைப் பற்றிச் சொல்லும் அதே 'இருக்கிறார்'. கடைசிச் சொல் வந்து சேரும்வரை அவர் இருந்துகொண்டே இருக்கிறார். ஜெர்மானியர் எவரும் அந்தச் சொல்லில் இப்பொருளை உணரமாட்டார். அது வெறும் துணைவினை என்பதை நான் அறிவேன். துணைவினை தன் சொந்தப் பொருளை இழப்பதால்தான் துணைவினை ஆகிறது என்று நானே வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இருந்தாலும் அன்னிய மொழியைக் கற்பவனுக்குச் சொற்கள் அத்தனை எளிதில் பொருளிழப்பதில்லை. என் மொழி அவரை விட்டுவிடச் சொல்கிறது. கற்ற மொழி அவர் இருக்கிறார் என்று தொடங்கிவிட்டு, பிறகுதான் மீதியைச் சொல்கிறது. எது ஆறுதல் என்று என்னால் சொல்ல இயலவில்லை. இரண்டும் தேவைப்பட்டன.

*

அடுத்த ஆண்டு கோடை விடுமுறையில் சில நாட்கள் பெர்லினில் தங்க வாய்ப்புக் கிடைத்தது. அங்கே நடைபாதைகளில் உள்ளங்கை அளவுப் பித்தளைத் தகடுகள் பதிக்கப்பட்டிருக்கின்றன. 'ஷ்டோல்பர்ஷ்டைன்' என்று பெயர். இடறு கல் எனலாம். நாஜி ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் துரத்தப்பட்டவர்களும் கடைசியாக விரும்பிக் குடியிருந்த வீட்டின் முன் அவர்களுடைய பெயரைப் பொறித்துப் பதிப்பது. குன்டர் டெம்னிக் என்னும் கலைஞர் 1992இல் கொலோன் நகரில் முதல் கல்லைப் பதித்தார். ஒரு லட்சமாவது கல் 2023 மே மாதம் நியூரம்பெர்கில் பதிக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இன்று இக்கற்களைக் காணலாம்.

பெரும்பாலான கற்களில் முதல் வரி 'ஹீர் வோன்டெ' என்பது. இங்கே வசித்தார். என் குறிப்பேட்டில் நான் எழுதிய அதே வினை, அதே பிரேட்டெரிட்டும். முதுமையில் தம் கட்டிலில் காலமான ஒருவரையும் வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டவர்களையும் ஒப்பிடுவது எந்த வகையிலும் தகாது. வினை ஒன்றாக இருந்தது என்பதை மட்டுமே சொல்கிறேன். அடுத்து பெயர், பிறந்த ஆண்டு, நாடு கடத்தப்பட்ட ஆண்டும் இடமும். பல கற்களில் முடிவாக நிற்கும் சொல் 'எர்மோர்டெட்', கொலை செய்யப்பட்டு. இலக்கணப்படி அது எச்ச வடிவம். அதற்கு முன் ஒரு துணைவினை வரவேண்டும். கல்லில் துணைவினை இல்லை. இடம் போதாமை ஒரு காரணமாக இருக்கலாம். பதிவேட்டு நடையும் அப்படித்தான். ஆனால் குனிந்து படிப்பவனுக்கு வாக்கியம் முடியாமல் நிற்கிறது. வசித்தார் என்பது முற்றுவினை. அது முடிந்துபோன கதை. கொலை செய்யப்பட்டு என்பது எச்சம். முடிக்கும் வினை வெளியில் எங்கோ இருக்கிறது.

கடந்த காலத்தை எதிர்கொண்டு அதனோடு ஒரு கணக்குக்கு வருவதைக் குறிக்க அவர்களிடம் நீளமான ஒரு சொல் உண்டு: 'ஃபெர்காங்கென்ஹைட்ஸ்பெவெல்டிகுங்'. அதன் முற்பாதி கடந்த காலத்தைக் குறிக்கும். கடந்து போதல் என்ற வினையிலிருந்து பிறந்தது. தமிழில் 'இறத்தல்' என்பதற்கும் பழம்பொருள் கடத்தல்தான். சாவு என்ற பொருள் பின்னர் ஏறியது. இரு மொழிகளும் காலம் கடந்து சென்றுவிட்டது என்றே பெயர் வைத்திருக்கின்றன. கடந்து சென்றதை எந்த வினைமுற்றால் சொல்வது என்பதில்தான் ஒரு மனிதருக்கும் ஒரு நாட்டுக்கும் சங்கடம் வருகிறது.

கிரௌலின் குறளை இப்போது அகராதியின் உதவியோடு மெல்லப் படிக்க முடிகிறது. அறத்துப்பாலில் நிலையாமை அதிகாரத்துக்கு வந்திருக்கிறேன். கல்லூரியில் துணைவினைப் பாடம் நடத்தும்போது முன்பெல்லாம் 'உடைந்துவிட்டது', 'தீர்ந்துவிட்டது' என்று எடுத்துக்காட்டுத் தருவேன். இப்போது 'போனார்', 'போய்விட்டார்' என்று இரண்டையும் கரும்பலகையில் எழுதி, வேறுபாடு என்ன என்று மாணவர்களைக் கேட்கிறேன். முன் வரிசையில் எவரேனும் உடனே சொல்லிவிடுவார்கள். இலக்கணம் தெரிந்து சொல்வதில்லை.